காண்டாக் குருவி

தீபாவளிக்கு மறுநாள் இரவு, மலேசியாவின் ஈப்போ நகரில் இருக்கும் அண்ணன் மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளியைப் போட்டான். உருண்டையான பழுப்புப் பறவை ஒன்று, உடம்புக்குப் பொருந்தாத நீள அலகோடு, எங்கோ அமெரிக்காவில் ஒரு சாலையைக் கடக்கிறது. ஒரு காலை முன்னால் நீட்டி, தரையைத் தொட்டும் தொடாமலும் வைத்து, உடம்பை முன்னும் பின்னும் மூன்று நான்கு முறை அசைத்துவிட்டு, பிறகுதான் அந்தக் காலில் பாரத்தை இறக்குகிறது. அப்புறம் அடுத்த கால். அந்த அசைவுக்குப் பொருந்தும்படி யாரோ ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்திருந்தார்கள். குழுவில் வரிசையாகச் சிரிப்பு முகங்கள் விழுந்தன. பெரியண்ணி, ‘நம்ம மாமா கல்யாணத்தில் ஆடியது போலவே இருக்கிறது’ என்று எழுதியிருந்தார்.

அம்மா கூடத்தில் முறுக்கு டின்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன், சிரிப்பார் என்று நினைத்து. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு முழுவதும் பார்த்தார். “பாட்ட நிப்பாட்டு” என்றார். ஒலியை அடைத்துவிட்டு மறுபடியும் ஓடவிட்டேன். இரண்டாம் முறை பார்த்து முடித்தபின் சொன்னார்: “தலையப் பாரு பாப்பா. அசையவே இல்ல. பால் வாளியச் சிந்தாமக் கொண்டுபோற மாதிரி போகுது.” பிறகு டின்களுக்குத் திரும்பிவிட்டார்.

நான் மூன்றாம் முறை பார்த்தேன். உண்மைதான். உடம்பு முழுக்க ஊஞ்சலாடுகிறது. தலை மட்டும் காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல ஒரே இடத்தில் நிற்கிறது. பாட்டு ஓடியபோது என் கண் ஆட்டத்தை மட்டுமே பார்த்திருக்கிறது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் வாக்கியத்தில் இருந்த ‘வாளி’ என்ற சொல்தான் காரணம். நாற்பது வருஷமாக நான் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை அது போய்த் தொட்டுவிட்டது.

அந்தப் பறவை

மறுநாள் காலை உட்கார்ந்து அந்தப் பறவையைப் பற்றித் தேடிப் படித்தேன். அதன் பெயர் அமெரிக்க வுட்காக். நம் ஊர் வயல்களில் திரியும் உள்ளானுக்கு உறவு. ஆனால் வயலை விட்டுவிட்டுக் காட்டுக்குள் குடிபோன உறவு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கனடாவிலும், ஈரமான இளங்காடுகளில் வாழ்கிறது. அதன் இறகுகள் சருகின் நிறத்திலேயே இருப்பதால், அசையாமல் படுத்திருந்தால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாதாம். விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து, அலகை மண்ணுக்குள் இறக்கி மண்புழுக்களை இழுத்துத் தின்கிறது. அலகின் நுனி மட்டும் தனியாகத் திறக்கும். அடிப்பக்கம் மூடியிருக்க, மண்ணுக்குள் மேலலகின் நுனி வளைந்து புழுவைப் பற்றிக்கொள்ளும். இடுக்கியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு நுனியை மட்டும் அசைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட என்னை நிறுத்தியது அதன் கண். மற்றப் பறவைகளுக்கு இருக்கும் இடத்தில் இதற்குக் கண் இல்லை. மேலேயும் பின்னாலும் தள்ளி, கிட்டத்தட்ட உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காது அந்தக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. முகம் மண்ணில் புதைந்திருக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க முடியும். வாயால் வேலை, கண்ணால் காவல், இரண்டும் ஒரே நேரத்தில்.

அந்த ஆட்ட நடை எதற்காக என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, காலை அழுத்தி அழுத்தி எடுக்கும்போது மண்ணுக்குள் அதிர்வு போய்ப் புழுக்கள் நெளிகின்றன, அந்த நெளிவைப் பறவை உணர்ந்துகொள்கிறது என்கிறது. பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற இயற்கையியலாளர் 2016-இல் எழுதிய குறிப்பு ஒன்றில் வேறு விதமாகச் சொன்னார்: அது வேட்டையாடிக்கு விடும் அறிவிப்பு. ‘உன்னைப் பார்த்துவிட்டேன், பதுங்கி வந்து பயனில்லை’ என்று உடம்பால் சொல்வது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு கட்சியிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. அந்த நடை வயிற்றுப்பாட்டோடோ உயிரோடோ சம்பந்தப்பட்டது. இதை யாரும் ஆட்டம் என்று சொல்லவில்லை. பாட்டைச் சேர்த்தவர்கள்தான் ஆட்டமாக்கினார்கள்.

கலை இரவு

1984. எனக்குப் பதினோரு வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் தீபாவளிக் கலை இரவு நடந்தது. தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கும் நடுவில் இருந்த திடலில் மேடை. நடனம், மாறுவேடம், அதிர்ஷ்டக் குலுக்கு எல்லாம் உண்டு. நடுவில் ஒரு நகைச்சுவைத் துண்டு. டவுனிலிருந்து வந்திருந்த பையன் ஒருவன் கைலியைத் தூக்கிக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் காண்டா என்ற காவுகம்பைப் போட்டு, இரண்டு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டு மேடைக்கு வந்தான். வந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்கள் மாதிரி நடந்து காட்டினான். இடுப்பு இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். வாளிகள் ராட்டினம் மாதிரிச் சுற்றின. திடல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்துத் திரும்பினேன். இரண்டு வரிசை தள்ளி அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு சில நாள், பள்ளி விட்டு வரும்போது, பால் நிறுக்கும் ஸ்டோர் பக்கம் போவதைத் தவிர்த்தேன். காண்டாவோடு வரும் பெண்களில் அம்மாவும் ஒருத்தியாக இருப்பார், என்னோடு வரும் பிள்ளைகள் அந்த நடையைப் பார்ப்பார்கள். அதுதான் காரணம். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் கட்டாயம் சொன்னதில்லை. அப்புறம் தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாங்கள் டவுனில் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்புக்குக் குடிவந்தோம், காண்டாக் கம்பு அடுப்புக்குப் போனது. எனக்கு அது முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

காணொளி வந்த மறுநாள் பசியாறும்போது கேட்டுவிட்டேன். “அம்மா, அந்தக் கலை இரவு ஞாபகம் இருக்கா? காண்டா தூக்கி ஒரு பையன் நடிச்சானே.”

“இருக்கு. ஏன்?”

“உங்களுக்குக் கோவம் வரலயா?”

அம்மா ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “கோவம் எதுக்கு? அவன் தப்பா நடந்தான். பால் நெறஞ்ச வாளின்னா அப்படிச் சுத்துமா? வெறும் வாளியத் தூக்கிக்கிட்டு வந்து நடக்கிறான் பாருன்னு நெனச்சேன். இடுப்பு ஆடுறது மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. இடுப்பு எதுக்கு ஆடுது? தோள் ஆடக் கூடாதுன்னுதான்.”

நாற்பது வருஷமாக நான் அந்த இரவை ஒரு அவமானமாகச் சுமந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது, வேலை தெரியாதவன் செய்த பிழை. மேடையைவிட்டு அவர் கண்ணை எடுக்காததும் அதனால்தான். கொத்தனார் ஒருவர் கோணலாகக் கட்டிய சுவரைப் பார்ப்பது போல அவர் அந்தப் பையனைப் பார்த்திருக்கிறார்.

பாரம் இறங்கும் இடம்

அன்றைக்கு அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்துக்கொண்டேன். இதுவரை நான் கேட்காத விஷயங்கள். ஒருவர் வெட்டும் மரவரிசைதான் நிரை; நிரைக்கு நானூறு ஐந்நூறு மரம். விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தால், வெயில் ஏறும்போது வெட்டி முடியும். பிறகு பால் வடிந்து நிற்கும்வரை பொறுத்திருந்து, முதல் மரத்திலிருந்து, பால் வடியும் கிண்ணங்களான மங்குகளைக் கவிழ்த்துச் சேர்க்க வேண்டும். பால் கட்டியாகிவிடும் என்பதால் அவசரம். சிந்திவிடும் என்பதால் நிதானம். அவசரமும் நிதானமும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். இரண்டு வாளியும் நிறைந்தால் முப்பது கிலோவுக்குக் குறையாது என்றார். சிந்தினால் யாரும் திட்டத் தேவையில்லை, ஸ்டோரில் தராசு சொல்லிவிடும்.

எங்கள் தோட்டம் சமதரை கிடையாது. மேடும் பள்ளமும், வேரும் கல்லும். காய் வெடிக்கும் மாதங்களில் வழியெல்லாம் ரப்பர் விதை. சருகுக்கு அடியில் அது கோலிக்குண்டு மாதிரி உருளும். ஆகவே முன்னங்காலை வைத்தவுடன் பாரத்தை அதில் இறக்கிவிட முடியாது. “கால வச்சுப் பாக்கணும். மண்ணு தாங்குமா, வெத கெடக்கான்னு பாதம் சொல்லும். அது சரின்னு சொன்னப்புறம்தான் எடைய மாத்தணும்” என்றார். சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்தே காலை நீட்டிக் காட்டினார். முன்பாதம் தரையைத் தொட்டது, தயங்கியது, லேசாக அழுத்தியது, பிறகு குதிகால் இறங்கியது. முந்தைய நாள் இரவு நான் பார்த்த அதே கால். அமெரிக்கச் சாலையைக் கடந்த கால்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அம்மாவுக்குத் தோளில் வாளி இருந்தது. பறவைக்கு என்ன இருக்கிறது? அது எதைச் சிந்தாமல் கொண்டுபோகிறது? இரண்டு நாள் இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். பதிலும் அம்மாவிடமிருந்தே பாதி வந்தது. “கோழியத் தூக்கிப் பாத்ததில்லயா நீ? ஒடம்ப எந்தப் பக்கம் சாச்சாலும் தல நின்ன எடத்துலயே நிக்கும்.” சிறு வயதில் இதை வைத்து விளையாடியிருக்கிறேன். சேவலின் உடம்பை இரு கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால், கழுத்து நீண்டும் குறுகியும் கொடுத்துத் தலையை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும். பறவைகள் நம்மைப்போலக் கண்ணை அவ்வளவாக உருட்டுவதில்லை. கண்ணை நிலைநிறுத்த வேண்டுமென்றால் தலையையே நிறுத்த வேண்டும். தலை ஆடினால் காட்சி கலங்கும். காட்சி கலங்கினால் சருகில் அசையும் பூச்சியும் தெரியாது, மேலே வட்டமிடும் பருந்தும் தெரியாது.

புறா நடக்கும்போது தலையை வெட்டி வெட்டி இழுக்கிறதே, அதுகூட இதே கணக்குத்தான். பேரி ஃப்ராஸ்ட் என்ற கனடிய ஆய்வாளர் புறாக்களை ஓடுபொறியில் நடக்கவிட்டுப் பார்த்து 1978-இல் எழுதினார். கால் நடக்கிறது, ஆனால் சுற்றியுள்ள காட்சி நகரவில்லை. அந்த நிலையில் புறாவின் தலையாட்டம் நின்றுவிட்டது. அதாவது, புறா தலையை ஆட்டுவதாக நமக்குத் தோன்றும் அந்த அசைவு, தலையை நிறுத்தி வைப்பதற்கான ஏற்பாடு. தலையை முன்னால் எறிந்து அங்கேயே பிடித்துக்கொள்கிறது, உடம்பு பின்னால் வந்து சேருகிறது, மறுபடி எறிகிறது. ஒவ்வொரு எறிதலுக்கும் இடையில் உலகம் அதற்கு அசையாமல் நிற்கிறது. இதைப் படித்த நாள் முழுவதும் நான் வாசலில் நின்று எதிர்வீட்டுக் கூரைப் புறாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுவரை அவற்றை நான் ஒழுங்காகப் பார்த்ததேயில்லை.

அப்படியானால் அந்த வுட்காக் சிந்தாமல் கொண்டுபோவது பார்வையைத்தான். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

நிரைக்குள் நடந்த குருவி

அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார், அதை நான் முதலில் கவனிக்கவில்லை. “இது பெருசா இருக்கு. நம்ம நிரையில நடக்குமே காண்டாக் குருவி, அது சின்னது. அது முன்னும் பின்னும் ஆடாது, பக்கவாட்டுல ஆடும்.” காண்டாக் குருவி என்ற பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தோட்டம் முழுக்க வழங்கிய பெயரா, அம்மாவும் அவரோடு வெட்டியவர்களும் மட்டும் வைத்துக்கொண்ட பெயரா என்று கேட்டேன். “நாங்க நாலஞ்சு பேர் சொல்லிக்குவோம்” என்றார். தீபாவளிக்கு முன்னே பின்னே வரும். தனியாக வரும், கூட்டமாக வராது. மரத்துக்கு மரம் நடுவில் சருகின்மேல் நடந்துபோகும். இலையெல்லாம் கொட்டித் துளிர்க்கும்வரை இருக்கும். அப்புறம் காணாமல் போய்விடும்.

தைப்பிங்கில் பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், என்னோடு முன்பு வேலை செய்தவர். அவரைக் கூப்பிட்டு அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வால் மேலும் கீழும் ஆடுமா, பக்கவாட்டிலா?” அம்மாவிடம் திரும்பிக் கேட்டேன். வாயால் பதில் சொல்லாமல் உள்ளங்கையைக் கவிழ்த்து இடமும் வலமும் மெதுவாக அசைத்துக் காட்டினார். “பக்கவாட்டில்” என்றேன். “அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம்” என்றார் நண்பர்.

அது வாலாட்டி இனம். தமிழ்நாட்டுப் பறவையியலாளர்கள் கொடிக்கால் வாலாட்டி என்கிறார்கள். மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும் அடிக்கும். மலையோர ஓடைகளில் பாறை மேல் நின்று வாலடிக்கும் சாம்பல் வாலாட்டியை இங்கே யாரும் பார்த்திருப்பார்கள். இது ஒன்றுதான் வாலைப் பின்னுடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. வாலாட்டிகளில் மரத்தில் கூடு கட்டுவதும் இது ஒன்றுதான். கிழக்குச் சைபீரியா, கொரியா, வடகிழக்குச் சீனா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியா, இலங்கை, மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, ஜாவா என்று இறங்கிவிடும். முதுகு ஆலிவ் பழுப்பு, இறக்கையில் இரண்டு வெளிர்மஞ்சள் பட்டை, வெள்ளை மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. கீழ்ப்பட்டை நடுவில் விட்டுப்போயிருக்கும். பறவை அறிந்தவர்கள் இந்தப் பட்டைகளை வைத்து அடையாளம் காண்பார்கள். அம்மா அந்தப் பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடையைத்தான் சொன்னார்.

கொடிக்கால் என்ற சொல் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டியது. அம்மாவின் அம்மா பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் நடுவே பிறந்து, சிறு பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். இதே குருவி அந்தப் பக்கமும் போகிறது, இந்தப் பக்கமும் வருகிறது. பாட்டி அதை அங்கே பார்த்திருப்பாரா, இங்கே நிரையில் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டிருப்பாரா என்று அம்மாவைக் கேட்டேன். “எங்கம்மாவுக்கு மரத்த நிமிந்து பாக்கவே நேரம் இல்ல” என்றார். சரி, அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஒரு காலை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். டவுனிலிருந்து கோலக்கங்சார் போகும் வழியில், உள்ளே திரும்பினால், ஒரு மலாய்ப் பெரியவரின் சிறு ரப்பர்த் தோட்டம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை. நடுவில் இது மட்டும் பழைய படம் மாதிரி நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றைக் கோலக்கங்சாரில்தான் நட்டார்கள், அதிலிருந்து ஒரு மரம் இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கப்படுகிறது. அதைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். இந்தப் பெரியவரின் மரங்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. நாங்கள் குருவி பார்க்க வந்தோம் என்றதும் அவர் வியப்போடு பார்த்துவிட்டு, அம்மா உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. கொசுக்கடி. அம்மா மட்டும் அசையாமல் இருந்தார். பிறகு மேலே எங்கிருந்தோ உலோகத்தைத் தட்டுவது போல இரட்டைக் குரல், ‘பிங்க் பிங்க்’ என்று. அம்மா என் முழங்கையைத் தொட்டார். நான் மேலே பார்த்தேன், அவர் கீழே பார்த்தார். அவர் பார்த்ததுதான் சரி. இரண்டு மரங்களுக்கு நடுவில், வெயில் துண்டு துண்டாக விழுந்த சருகின்மேல், அது நடந்து வந்துகொண்டிருந்தது. மெல்லிய உடம்பு. விறுவிறுவென்று ஆறேழு அடி, நிற்கும், இலை விளிம்பிலிருந்து எதையோ கொத்தும். நின்றவுடன் பின்னுடம்பும் வாலும் இடமும் வலமும், மெதுவாக, எண்ணெய் போட்ட கீல் மாதிரி. நடக்கும்போது தலை புறாவைப்போல் வெட்டியது. நின்றதும் தலை நின்றுவிட்டது, வால் மட்டும் ஆடியது. வெயில் துண்டுகள் காற்றில் அசைந்ததோடு அதுவும் அசைந்ததால், கண்ணை ஒரு கணம் எடுத்தால் மறுபடி பிடிக்க முடியவில்லை. சருகைக் கூட்டி எடுத்துச் சுத்தமாக வைத்திருக்கும் தரையில் அது இப்படி மறைந்திருக்க முடியாது. எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைக்குள் இத்தனை வருஷம் நடைபயிற்சி போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இதைக் கண்டதில்லை.

வாலாட்டம் எதற்கு என்பதிலும் ஆய்வு உண்டு. கிறிஸ்டோஃப் ராண்ட்லர் என்பவர் வெள்ளை வாலாட்டிகளைக் கவனித்து 2006-இல் எழுதினார்: வாலடிப்பது, பறவை விழிப்பாக இருக்கிறது என்பதைப் பிடிக்க வருபவனுக்குக் காட்டும் நேர்மையான அடையாளம் என்று. ஹைன்ரிக் வுட்காக்குக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. அதை நான் அம்மாவுக்குக் காதோடு சொன்னேன். அவர் குருவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நாங்களும் காட்டுக்குள்ள சும்மா நடக்க மாட்டோம். கத்தியால மங்கத் தட்டிக்கிட்டே போவோம். பாம்பு இருந்தா ஒதுங்கிக்கும்” என்றார்.

பெரியவர் இருமினார். குருவி எழும்பிப் பக்கத்துக் கிளையில் போய் அமர்ந்தது. அமர்ந்தது என்று சொல்லக் கூடாது, கிளையின் மேலும் நடந்தது, தரையில் நடந்தது போலவே, வாலை ஆட்டிக்கொண்டு, கிளை முடியும்வரை. பிறகு செம்பனைப் பக்கம் போகாமல், திரும்பி ரப்பருக்குள்ளேயே இறங்கியது. அம்மா அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “முப்பது வருஷம் ஆச்சு” என்றார்.

எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது. என் கையைப் பிடிக்காமல், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டுப்பட்டையின் மேல் விரலை ஓட்டி, “ஆழமா வெட்டியிருக்கு, மரம் புண்ணாயிடும்” என்று பெரியவரிடம் மலாயில் சொன்னார். அவர், இப்போது ஆள் கிடைப்பதில்லை, யார் வந்தாலும் விட வேண்டியிருக்கிறது என்றார். இருவரும் அதைப் பற்றியே பதினைந்து நிமிஷம் பேசினார்கள்.

பொங்கலுக்கு அண்ணன் குடும்பம் ஈப்போவிலிருந்து வந்தது. அண்ணன் மகன் அந்தக் காணொளியை மறந்தே போயிருந்தான். நான் மறுபடி எடுத்துக் காட்டி, பாட்டி என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன். அவன் ஒலியில்லாமல் பார்த்தான். பிறகு கொல்லைப்புறம் போய், துடைப்பக் கம்பு ஒன்றையும், வண்டி கழுவும் வாளிகள் இரண்டையும் கொண்டுவந்து, வாளிகளில் விளிம்புவரை தண்ணீர் பிடித்தான். அம்மா பார்த்துவிட்டு, “தொடப்பக் கம்பு ஒடஞ்சிடும்யா, மாங்கா பறிக்கிற கம்ப எடு” என்றார். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் தடவை மூன்று அடி வைப்பதற்குள் கால் நனைந்தது. இரண்டாவது தடவை வாளி சுழன்று முழங்காலில் மோதியது. “தோளப் பாக்காத. நேரா பாரு. வாளி அங்கதான் இருக்கும், எங்கயும் போகாது” என்றார் அம்மா. மூன்றாவது தடவை அவன் வேலிவரை போய்த் திரும்பினான். பாதி வழியில் நின்றான். முன்காலை வைத்து, தயங்கி, மெல்ல அழுத்தினான். தண்ணீர் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. முகம் சிவந்திருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான் போல.

“பாட்டி, மூச்ச எப்ப விடறது?”

“எட மாறும்போது” என்றார் அம்மா. “போ, இன்னொரு தடவ போயிட்டு வா.”